சேனை தொட்ட விரலும் களத்து வீட்டுச் சாவியும்

(கரிச்சிப்பாளையம் சமுதாயக் கூடத்தில் ஊரார் எடுத்த பாராட்டு விழாவில், முப்பத்தேழு ஆண்டு பணியாற்றி ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் அமுதவல்லி ஆற்றிய ஏற்புரை)

விழாவுக்குத் தலைமையேற்று, முதல் மாலையையும் முன்வரிசை நாற்காலியையும் எனக்களித்து மகிழ்கின்ற கோழிப்பண்ணை உரிமையாளர் திரு. கதிர்வேல் அவர்களே, முன்னிலை வகிக்கின்ற ஊர்ப் பெரியவர்களே, இந்த மேடையையும் என் பேச்சின் நேரத்தையும் ஒருசேரக் கட்டியாளுகின்ற விழாக்குழுச் செயலாளர் தம்பி அறிவழகன் அவர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்து அமர்ந்திருக்கின்ற அன்னையரே, என் கையால் ஊசி குத்துப்பட்டு, இன்றைக்கும் என்னைக் கண்டதும் தம்மையறியாமல் தோளைத் தடவிக்கொள்கின்ற இளைஞர்களே, கடைசி வரிசைக்கும் பின்னால், செருப்புகள் கிடக்கிற வாசலோரத்தில், நாற்காலி கிடைக்காமல் நின்றுகொண்டிருக்கின்ற இவ்வூரின் இன்றைய செவிலியர் பிரீத்தி அவர்களே, உங்கள் அனைவருக்கும் அமுதவல்லியின் அன்பு வணக்கம்.

தம்பி அறிவழகன், இந்த ஒலிவாங்கியைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். நான் குள்ளம். குரல்தான் உயரம்.

ஊசி போடப் போகும்போது குழந்தை கேட்கும், "வலிக்குங்களா நர்சம்மா?" என்று. எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று சொல்லி ஏமாற்றுகிற செவிலியர் உண்டு. நான் ஒரு நாளும் சொன்னதில்லை. "வலிக்கும் சாமி. சீக்கிரம் முடிஞ்சிரும். கையை இறுக்காத" என்பேன். உங்களில் பாதிப்பேர் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். இன்று மேடையேறியதும் அதையே சொல்லித் தொடங்குகிறேன். நான் பேசப் போவது வலிக்கும். கையை இறுக்க வேண்டாம்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல எனக்கு நேரமிருக்குமோ, கேட்க உங்களுக்கு மனமிருக்குமோ, தெரியாது.

நன்றி மறந்தவள் அல்லள் இந்த அமுதவல்லி. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கரும்புக்காட்டு வரப்பில் நான் நடந்தபோது, முன்னால் நடந்து பாம்பு பார்த்துச் சொன்ன பெண்களுக்கு நன்றி. ஐப்பசி மழையில் என் சைக்கிள் சேற்றில் சிக்கியபோது, அதைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு, "பொட்டிய மட்டும் நீங்க புடிங்க நர்சம்மா, மருந்து நனைஞ்சறப் போகுது" என்ற உழவருக்கு நன்றி. சொட்டு மருந்து முகாமன்று, குச்சி ஐஸ் விற்கிற வண்டியின் ஒலிபெருக்கியில் ஊரெல்லாம் கூவி அழைத்த வியாபாரிக்கு நன்றி. என் கணவர் இறந்து பதினாறு நாளும் என் அடுப்பைப் பற்றவைக்க விடாமல் சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்த வீடுகளுக்கு நன்றி. கொண்டுவந்த பாத்திரத்தைத் திரும்ப வாங்காமலே போன வீடுகளுக்கும் நன்றி. அதை ஏன் வாங்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

யாரங்கே இருமுவது? இருமல் வந்தால் துண்டை வைத்து வாயைப் பொத்திக்கொள்ளுங்கள். இதை உங்களுக்கு எத்தனை ஆண்டு சொல்லியிருக்கிறேன்.

வாசலில் ஒரு பதாகை பார்த்தேன். கும்பிட்ட கையோடு என் படம். அதற்கு மேல் கொட்டை எழுத்தில், "எங்கள் ஊரின் குலதெய்வமே". படித்தேன். ஒரு முறைக்கு மூன்று முறை படித்தேன். பெருமையாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. பற்றிக்கொண்டு வந்தது. ஏன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

தலைவர் தம் உரையில் ஒரு செய்தி சொன்னார். "எனக்குச் சேனை வெச்சது நர்சம்மாதானுங்க. என்ற புடிவாதம் பூரா அவங்ககிட்ட இருந்து வந்ததுங்க" என்றார். நீங்கள் கைதட்டியது இன்னும் என் காதில் இருக்கிறது. வெளியூர் விருந்தினர் யாரேனும் இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். பிறந்த குழந்தையின் நாக்கில், தாய்ப்பாலுக்கும் முன்னால், சர்க்கரைத் தண்ணீரில் ஒரு சொட்டுத் தொட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதுதான் சேனை. யார் சேனை வைக்கிறாரோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. பிள்ளை அடம்பிடித்தால், "இதுக்கு ஆரு சேனை வெச்சாங்க?" என்று கேட்காத வீடு இங்கே உண்டா?

தலைவர் பாதிக் கதைதான் சொன்னார். மீதிக் கதை அவருக்குத் தெரியாது. அவர் அன்றைக்குத்தான் பிறந்திருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது, ஆடிப்பெருக்கு. நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்து ஓராண்டு. வேலை இங்கே, வீடு இங்கில்லை. எருமப்பட்டிப் பக்கம் ஒரு காலனியில் பிறந்தவள் நான் என்பது வந்த மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. வாடகைக்கு வீடு கேட்டேன். கிடைக்கவில்லை. காலையில் பேருந்தில் வந்து, மாலையில் அதே பேருந்தில் திரும்பினேன். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால், கையை ஏந்தச் சொல்லி மேலிருந்து ஊற்றினார்கள். அந்தக் கையால்தான் அவர்கள் பிள்ளைகளை நான் எடுத்தேன்.

அன்று ஊரே ஜேடர்பாளையத்து ஆற்றுக்குப் போய்விட்டது. தலைவரின் அப்பா சின்னண்ணன் வீட்டில் மட்டும் ஒரு முனகல். அவர் மனைவி பாவாயிக்கு இரண்டாம் பேறு. தாய்வீடு போகவில்லை. நாள் இருக்கிறது என்று எல்லோரும் நம்பியிருக்க, நாள் முந்திக்கொண்டது. நான் உள்ளே நுழைந்தபோது தலை தெரிந்தது. கொடி கழுத்தில் இரண்டு சுற்று. பிள்ளை வெளியே வந்தான், நீலமாக. அழவில்லை. அசையவில்லை. சளியை உறிஞ்சி எடுத்தேன். முதுகைத் தேய்த்தேன். உள்ளங்காலைச் சுண்டினேன். என் மூச்சை அவன் வாயில் ஊதினேன். ஊதினேன், பார்த்தேன். மறுபடி ஊதினேன், மறுபடி பார்த்தேன். அழுடா சாமி, அழுடா சாமி என்று நான் அழுதேன். அதன் பிறகுதான் அவன் அழுதான்.

அதற்குள் ஆற்றுக்குப் போனவர்கள் சேதி கேட்டுத் திரும்பியிருந்தார்கள். தாய்மாமன் வெள்ளிக் கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீரோடு வாசலில் நின்றார். பாயில் கிடந்த பாவாயி தலையைத் தூக்கிச் சொன்னாள்: "நர்சம்மாதான் சேனை வெக்கோணும்."

தாய்மாமன் கிண்ணத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஏன் என்பது எனக்குப் புரிந்தது. எனக்கே ஒரு சாக்குக் கிடைத்தது. பிறந்த பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர் கூடாது, தாய்ப்பால்தான் முதலில், அதுதான் சட்டம் என்றேன். எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி. "நர்சம்மாவே வேண்டாம்னு சொல்றாங்களே, உடு" என்றார் ஒருவர். பாவாயி விடவில்லை. "அப்படின்னா என்ற பாலத் தொட்டு வெய்யுங்க. அதுக்குச் சட்டம் ஒண்ணுஞ் சொல்லாதுல்லங்க?" என்றாள்.

பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நிறுத்திய பெண். பயிற்சியில் எனக்கு யாரும் சொல்லித் தராததை ஒரு வாக்கியத்தில் சொல்லித் தந்தாள். சீம்பாலில் ஒரு சொட்டு, என் சுண்டுவிரல் நுனியில் தொட்டு, அந்த நாக்கில் வைத்தேன். அன்று தொடங்கி இந்த ஊரில் நான் எடுத்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் சீம்பால்தான் சேனை. சட்டமும் நின்றது, சம்பிரதாயமும் நின்றது.

ஒன்பதாம் நாள் பாவாயி என்னை அழைத்தாள். களத்துக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு ஒன்று அவர்களுக்கு இருந்தது. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. அதன் சாவியை என் கையில் வைத்தாள். பெரியவர்கள் கொதித்தார்கள். சின்னண்ணனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பாவாயி குனியவில்லை. பச்சை உடம்போடு வாசலுக்கு வந்து நின்று அவள் சொன்னதை நான் இன்றைக்கும் ஓர் எழுத்து மாறாமல் சொல்வேன்.

"என்ற பையன் நாக்குல அந்தம்மா வெரலு பட்டிருக்குது. என்ற ஊட்டு வாசப்படியில அந்தம்மா காலு பட்டா என்னங்க கெட்டுப் போயிரும்? சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

பெரியவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கலைந்து போனார்கள்.

முப்பத்தாறு ஆண்டு அந்த வீட்டில் இருந்தேன். அங்கே வந்து, உள்ளே அமர்ந்து, என் டம்ளரில், என் கையால் காப்பி வாங்கிக் குடித்த ஒரே ஆள் பாவாயி. ஆறு ஆண்டுக்கு முன் அவள் கண்ணை மூடும்போது நான்தான் பக்கத்தில் இருந்தேன். சாவியை என்ன செய்வது என்று கேட்டேன். "எங்கையில குடுக்காதீங்க, என்ற பையன் கையிலயும் குடுக்காதீங்க. உங்களுக்கப்புறம் வர்ற நர்சுக்குன்னு வெச்சுக்குங்க" என்றாள்.

தம்பி அறிவழகன் சீட்டு ஒன்று நீட்டுகிறார். "நேரம் கருதிச் சுருக்கவும்." பந்தி தயார் போலிருக்கிறது. ஆறட்டும் தம்பி. எட்டு மாதம் ஆறிப்போன விஷயம் ஒன்று இருக்கிறது, அதை முதலில் பரிமாறிவிடுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற மறுமாதம் பிரீத்தி இங்கே வேலைக்கு வந்தாள். ஓமலூர்ப் பக்கத்துப் பெண். இருபத்தாறு வயது. என்னைத் தொலைபேசியில் அழைத்து, "மேடம், ஊர் எப்படிங்க?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தங்கமான ஊரு கண்ணு. வீடு கேட்டா உடனே குடுப்பாங்க. போய்க் கதிர்வேலப் பாரு" என்றேன்.

அந்தப் பெண் போனாள். ஒரு கதவு அல்ல, இரண்டு கதவு அல்ல, பதினான்கு கதவுகள் தட்டினாள். எல்லாக் கதவும் சிரித்த முகத்தோடுதான் திறந்தன. எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "ஏனுங்க அம்மிணி, நீங்க என்ன ஆளுங்க?" அவள் பொய் சொல்லவில்லை. அதன்பிறகு ஒரு வீட்டில், மகன் லாரியில் இருந்து இறங்கினால் தங்க இடம் வேண்டும். ஒரு வீட்டில் வாஸ்து சரியில்லை. ஒரு வீட்டில் "நாங்க சைவம்ங்க" என்றார்கள். அந்த வீட்டுக் கறிக்குழம்பு வாசனை எனக்கு முப்பத்தேழு ஆண்டாகத் தெரியும். யாராவது அவளைத் திட்டினீர்களா? இல்லை. யாராவது முகம் சுளித்தீர்களா? இல்லை. எவ்வளவு மரியாதை, எவ்வளவு பக்குவம். வாங்க, உக்காருங்க, போயிட்டு வாங்க என்று மூன்று சொல்லில் ஒரு பெண்ணைத் தெருவில் நிறுத்தினீர்கள்.

என்னிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பாத்துட்டு இருக்கறேன் மேடம்" என்றே எட்டு மாதம் சொன்னாள். ஒவ்வொரு நாளும் மாலை நான்கு பத்துப் பேருந்தில் ஊரைவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு கரிச்சிப்பாளையத்தில் செவிலியர் இல்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. தனப்பிரியாவுக்கு எட்டாம் மாதம். அவள் இங்கே இருக்கிறாள், மூன்றாவது வரிசையில். இதைச் சொல்லட்டுமா கண்ணு என்று நேற்றுக் கேட்டேன். "சொல்லுங்க நர்சம்மா, நான் சொன்னா அழுதுருவேன்" என்றாள். அன்று காலை பிரீத்தி அவளுக்கு இரத்த அழுத்தம் பார்த்தாள். ஏறியும் ஏறாமலும் நின்றது. சாயந்திரம் இன்னொரு தரம் பார்க்கணும் என்று எழுதி வைத்தாள். சாயந்திரம் பார்க்க அவள் ஊரில் இருக்க வேண்டுமே? பேருந்தில் இருந்துகொண்டு தொலைபேசியில் கேட்டாள். "தலைவலிதானுங்க, சுக்குக் காப்பி குடுத்திருக்குது" என்றார்கள் வீட்டில். "ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அவள் அழுதே சொன்னாள். ஆறு மணிக்குக் கார் பிடித்தார்கள். நாமக்கல் போவதற்குள் வலிப்பு வந்துவிட்டது. தனப்பிரியா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

ஐந்து மணிக்கு ஒரு பட்டையைக் கையில் சுற்றி அழுத்தம் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்துக்குத் தேவைப்பட்டது, இந்த ஊரில் பூட்டிக் கிடக்கிற வீடுகளில் ஒன்று. அந்தப் பிள்ளைக்குச் சேனை வைக்க ஆள் இருந்தது. செவிலியர் தங்க இடம் இல்லை.

கோபம் உங்கள் மேல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். என்மேலும் எனக்குக் கோபம். ஒரு வீட்டின் கதவு திறந்ததை, ஊரே திறந்துவிட்டது என்று எண்ணி முப்பத்தாறு ஆண்டு ஏமாந்தேன். திரும்ப வாங்காத பாத்திரங்கள் என் சமையல்கட்டில் அடுக்கடுக்காக இருந்தன. அவற்றில் அரிசி போட்டு வைத்தேன், பருப்பு போட்டு வைத்தேன், ஏன் என்று ஒரு வீட்டிலும் போய்க் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தப் பெண் பதினான்கு கதவு தட்டியிருக்க மாட்டாள். என்னைக் குலதெய்வம் என்கிறீர்கள். குலதெய்வத்துக்கு ஆண்டுக்கு ஒருநாள் பொங்கல் வைத்தால் போதும், வாடகைக்கு வீடு தர வேண்டியதில்லை. அதனால்தான் தெய்வமாக்கினீர்களா?

இப்போது தலைவர் அவர்களிடம் வருகிறேன்.

கதிர்வேல், உங்களை நீங்க, வாங்க என்றுதான் மேடையில் அழைக்க வேண்டும். அழைக்கிறேன். பிரீத்தி முதலில் தட்டிய கதவு உங்களுடையது. களத்து வீட்டைக் கேட்டாள். "வெள்ளையடிச்சுட்டு இருக்கறமுங்க, முடியட்டும்" என்றீர்கள். அடுத்த மாதம் வந்தாள். "இன்னும் முடியலைங்க." தீபாவளிக்கு வந்தாள். "ரெண்டாவது கோட் அடிக்கோணுமுங்க." பொங்கலுக்கு வந்தாள். அப்போதும் வெள்ளையடித்துக்கொண்டிருந்தீர்கள். போன வாரம்தான், மாறுதல் கேட்டு எழுதிய விண்ணப்பத்தோடு என்னிடம் வந்து, இதையெல்லாம் சொல்லி அழுதாள். நாளை திங்கட்கிழமை அதைக் கொடுக்கப் போகிறாள். கொடுத்துவிட்டால் இந்த ஊருக்கு அடுத்த செவிலியர் எப்போது வருவாரோ, யாருக்கும் தெரியாது.

ஊரே, ஒன்று கேட்கிறேன். அந்த வீட்டுக்கு ஒரே பூட்டு. அந்தப் பூட்டுக்கு ஒரே சாவி. அந்தச் சாவி எட்டு மாதமாக எங்கே இருக்கிறது தெரியுமா? இதோ, என் கைப்பையில். வீட்டுக்காரர் சரியென்றதும் பிரீத்தியிடம் தரலாம் என்று வைத்திருந்தேன். பூட்டைத் திறக்காமல், கதவைத் தொடாமல், எட்டு மாதம் உள்ளே வெள்ளையடிக்கிற வித்தையை இவர் எங்கே கற்றார்?

சிரிக்காதீர்கள். சிரிக்கிற பதின்மூன்று பேரையும் எனக்குத் தெரியும்.

நாலு நாளைக்கு முன் தலைவர் என்னை அழைத்தார். "விழாவுக்கு வர்றப்ப அந்தச் சாவியக் கொண்டாந்துருங்க நர்சம்மா. கோழித் தீவன மூட்டை போடறதுக்கு எடம் பத்தலைங்க" என்றார். தீவன மூட்டைக்கு அங்கே இடம் உண்டு. உங்கள் பிள்ளைகளின் உயிரைப் பார்க்கிற பெண்ணுக்கு இடம் இல்லை. உங்களுக்குச் சேனை வைத்தவள் நான். இந்தக் குணம் என்னிடமிருந்து வந்ததில்லை. உங்களுக்குத் தொட்டு வைத்த பால் பாவாயியின் பால். அவளிடமிருந்தும் வந்ததில்லை. எங்கிருந்து வந்தது சாமி?

நீங்கள் போர்த்திய பொன்னாடையை மடித்து இந்த மேசைமேல் வைக்கிறேன். பக்கத்தில் சாவியை வைக்கிறேன். உங்கள் கையில் கொடுக்கவில்லை. கொடுக்கக் கூடாது என்பது உங்கள் அம்மா சொன்னது. பிரீத்தியிடம் நானே கொடுத்துவிட்டுப் போகலாம். கொடுத்தால் அவள் உங்கள் வாசலில் பயந்து பயந்து குடியிருப்பாள். நீங்கள் எடுத்து, எழுந்து, ஊர் பார்க்கக் கொடுக்க வேண்டும். அதுவரை நான் இந்த ஒலிவாங்கியை விடப் போவதில்லை. பந்தி ஆறினால் ஆறட்டும்.

எழுந்துவிட்டார். என்ன சொல்கிறீர்கள்? இதில் சொல்லுங்கள், வாசலோரம் வரைக்கும் கேட்கட்டும். "ஒரு வாரம் குடுங்க நர்சம்மா, வெள்ளையடிச்சுத் தந்தர்றனுங்க" என்கிறார். கேட்டீர்களா? வேண்டாம் கதிர்வேல். அந்தச் சுவரில் இருப்பது நான் முப்பத்தாறு ஆண்டு சமைத்த புகை. அது அப்படியே இருக்கட்டும். இன்றைக்கே கொடுங்கள்.

பிரீத்தி, செருப்புக்குக் காவல் நின்றது போதும். மேலே வா கண்ணு. வழி விடுங்கள் அவளுக்கு. தனப்பிரியா, நீ எதற்கு எழுந்தாய்? சரி, நீயும் வா. அவள் கையைப் பிடித்துக் கூட்டி வா.

கதிர்வேல், சாவியை எடுங்கள். கையை நீட்டுங்கள். விரலைத் திறங்கள். இறுக்காதீங்க சாமி, இறுக்காதீங்க. அவ்வளவுதான். முடிஞ்சிருச்சு.

பந்திக்கு நான் வரவில்லை. நேரே களத்து வீட்டுக்குப் போகிறேன். புதுக்குடித்தனம், பால் காய்ச்ச வேண்டும். வர விரும்புகிறவர்கள் வாருங்கள். வாசலில் நின்று எட்டிப் பார்க்கக் கூடாது. உள்ளே வந்து, உட்கார்ந்து, பிரீத்தியின் டம்ளரில், அவள் கையால் வாங்கிக் குடிக்க வேண்டும்.

வருகிறவர்களுக்கு என் நன்றி. வராதவர்களுக்கு என் வணக்கம்.